தங்குமா ஐயா

எங்கள் தோட்டத்தில் அவருக்குத் தங்குமா ஐயா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நல்லதாகவே இருந்தது. அது ஆபீஸ் கடிதங்களில் மட்டும் வாழ்ந்தது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கும் பெண்களிலிருந்து பங்களாச் சமையல்கார அப்பு வரை எல்லோருக்கும் அவர் தங்குமா ஐயாதான். நானும் அவரை அந்தப் பெயரிலேயே விட்டுவிடுகிறேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். எதைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். யாராவது கண்டியிலிருந்து ஒரு ரோஜாக் கன்று கொண்டுவந்தால், "இது இங்க தங்குமா?" என்பார். புதுக் கோழி, புது நாய், புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார், எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. உடப்புசல்லாவை பஜாரில் ஒருவர் புதிதாகத் துணிக்கடை போட்டபோது, உள்ளே போனவர் துணியைப் பார்க்காமல் கடைக்காரர் போட்டிருந்த சட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். "மெல்லிசுச் சட்டை. ஆடிக் காத்துல இவரு தங்க மாட்டாரு" என்றார். கடைக்காரர் ஆவணி முடிவதற்குள் கடையை மூடிவிட்டார். குளிரால் அல்ல, மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு. ஆனாலும் பெயர் இவருக்குத்தான் வந்தது.

தேயிலை ஆராய்ச்சி நடத்துகிற ஒரு ஆபீசில் அவருக்கு வேலை. எந்தப் பூச்சி, எந்த நோய், எந்த மலையில் வந்து குடியேறும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்த வேலை. பூச்சி வந்த பிறகு மருந்தடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். வருவதற்கு முன்னால் சொல்ல இவர். மாதம் ஒருமுறை நுவரெலியா பஸ்ஸில் வந்து இறங்குவார். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை ஏறிய கம்பளிக் காலுறை, கழுத்தைச் சுற்றி ஒரு பழுப்பு மப்ளர். சட்டைப் பையில் மற்ற ஆபீஸ் ஐயாமார் பேனா சொருகுகிற இடத்தில், இவர் தகரக் குழாயில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார்.

நான் அந்தத் தோட்டத்து மருத்துவிச்சி. நர்சம்மா என்பார்கள். தெர்மாமீட்டரும் கையுமாக அலைந்தவர்கள் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அதைப் பிள்ளை பெற்றவளின் நாக்குக்கு அடியில் வைப்பேன். அவர் தேயிலைச் செடியின் இடுப்பில் கட்டுவார். "உங்க ஆளுக்குக் காய்ச்சல் எப்படிங்க?" என்று நான் சீண்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபப்பட மாட்டார். "எங்க ஆளு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க நர்சம்மா, அதுதான் கஷ்டம்" என்பார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் என் வீட்டுக்காரர் ஒரு பலாக் கன்று வைத்திருந்தார். மாத்தளையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது. தங்குமா ஐயா அதைச் சுற்றி வந்து, "தங்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். சாக்குக் கட்டி, சாம்பல் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்தார். மரம் கூரைக்கு மேலே வந்துவிட்டது. அதன் பிறகு ஐயா வந்தபோது அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "இப்ப என்னா சொல்றீங்க?" என்றார்.

"உசுரோட இருக்குங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார் ஐயா. "ஆனா உசுரோட இருக்கறது வேற, தங்கறது வேற. ஒரு பூச்சியோ மரமோ ஒரு எடத்துக்கு வந்து, அங்கயே புள்ள பெத்து, அந்தப் புள்ள ஒரு புள்ள பெத்தாத்தான் தங்கிருச்சுன்னு எங்க ஆபீசுல எழுதுவோம். பேரன் எடுக்கணும். அதுவரைக்கும் விருந்தாளிதான்."

பலா கடைசி வரை காய்க்கவில்லை. அதை விடுங்கள். பிரசவம் பார்க்கிறவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. பேரன் எடுக்கணும் என்பதை நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பல வாசல்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவருடைய இந்தக் கிறுக்கு ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரத்தில் இவர் எழுந்து மாப்பிள்ளையிடம், "தம்பி, நீங்க இருக்கற ரூம்புக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? கடல்காத்து வருமா? புள்ள பனி மிஸ்ட்டுல வளந்தது" என்று ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அம்மா பாக்குத் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, "ஐயா, எம் மகள் என்ன கொய்யாக் கன்னா? வாய மூடிக்கிட்டு உக்காருங்க சாமி" என்றாள். சபை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் போகும்போது மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தி ஜன்னலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்.

ஒருநாள் அடைமழை. பஸ் வரவில்லை. எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, இலங்கை வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கலர் பென்சிலால் தீட்டிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்து, பூச்சி வருமா வராதா என்று குறி பார்க்கிற மாதிரி எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"குறி இல்ல நர்சம்மா. ஒரு பூச்சி எந்தெந்த ஊருல இருக்குன்னு மொதல்ல பாக்கணும். அந்த ஊர்ல எல்லாம் எவ்வளவு குளிரு, எவ்வளவு மழ, வெயிலு எத்தன மாசம். அதையெல்லாம் சேத்துப் பாத்தா அதுக்கு என்னா புடிக்கும், என்னா ஆகாதுன்னு தெரிஞ்சிரும். அப்புறம் அதே மாதிரி எடம் நம்ம மலையில எங்க இருக்குன்னு தேடணும். அவ்வளவுதான். பூச்சி வாறதுக்கு முந்தியே அதோட வூட்ட நாம கண்டுபுடிச்சிரலாம்."

"வெத்து வூட்டுக்கு நீங்க நம்பர் போடறீங்க."

"ஆமாங்க. யாரும் குடிவராம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே போடறேன்."

இப்போது அவருடைய அக்காவைச் சொல்ல வேண்டும். அந்த அக்கா எங்கள் தோட்டத்தில்தான் இருந்தாள். எங்கள் தோட்டம் இரண்டு கணக்கு, அதாவது இரண்டு பிரிவு. மேட்டில் பங்களாவும் ஆஸ்பத்திரியும் இருப்பது மேல்கணக்கு. பள்ளத்தில் ஆற்றை ஒட்டி இருப்பது கீழ்க்கணக்கு. அவர் பிறந்தது கீழ்க்கணக்கு லயத்தில். அம்மா போன பிறகு அக்காதான் வளர்த்தாள். கொழுந்து பறித்து அவரை அட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். பரீட்சையில் தேறினால் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். தேறினார். அவள் கப்பலேறித் திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போய், நேர்ந்ததைச் செய்துவிட்டு, சில மாதங்கள் அங்கே சொந்தக்காரர்களோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதுவரை அவள் வாழ்நாளில் செய்த ஒரே பயணம் அது.

கீழ்க்கணக்கு லயத்துக்குக் கீழே மலை உள்வாங்கி வளைந்த ஓர் இடம் உண்டு. வளைவு என்றே பெயர். பின்னால் கரும்பாறை, இரண்டு பக்கமும் மேடு. காற்று நுழையாது. காலை வெயில் முதலில் விழுவதும் கடைசியாக விலகுவதும் அங்கேதான். மார்கழிக் குளிரில் மேல்கணக்கில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, கீழ்க்கணக்குப் பெண்கள் வளைவில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். நனைந்த கம்பளி காய்வதும் பிள்ளைத்துணி காய்வதும் அங்கே. அக்கா தம்பியைக் குளிப்பாட்டி அங்கேதான் நிறுத்துவாளாம். "அப்புடியே பாறையில ஒட்டிக்கிட்டு நிப்பான், பல்லி மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தோட்டத்தை நடத்தப் புதிதாக ஒரு பெரிய தொரை வந்தார். கீழ்க்கணக்குச் செடிகள் கிழடு தட்டிப் போய்விட்டன, பழைய செடிகளுக்கு நடுவே புதுக் கன்று நட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கையே கைவிடுவதுதான் லாபம் என்றார். கைவிட்டால் அங்கே இருக்கிற சனத்துக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. கன்று, தாழ்வான ஒரு தோட்டத்திலிருந்து லொறியில் வரவேண்டும். அந்தத் தோட்டத்தில் துளை வண்டு இருந்தது.

துளை வண்டு எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு. தேயிலைக் கிளையில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே போய், வளையமாகக் குடைந்து அங்கேயே குஞ்சு பொரிக்கும். வெளியே செடி பச்சையாகத்தான் இருக்கும். கொழுந்து எடுக்கிறவள் இடுப்பு பட்டதும் கிளை முறியும். சூட்டுப் பிரதேசத்துப் பூச்சி அது. எங்கள் பக்கத்துக் குளிருக்கு ஏறி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வந்தால் தங்குமா, தங்காதா? அதைச் சொல்ல வேண்டியவர் இவர். தங்கும் என்று சொன்னால் கன்று வராது, கீழ்க்கணக்கு மூடப்படும். தங்காது என்று சொன்னால் அக்காவும் மற்றவர்களும் பிழைத்தார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. அதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். பங்களாப் புல்தரையில், டேலியாப் பாத்திக்குப் பக்கத்தில், கால் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் தெர்மாமீட்டர்கள். முன்னிருந்த தொரைமார் காலத்திலிருந்து அப்பு தினமும் காலையில் பார்த்துச் சொல்வார், கிளாக்கர் எழுதி வைப்பார். பக்கத்துத் தோட்டங்கள் எதிலும் அவ்வளவு வருஷத்துக் கணக்கு கிடையாது. அதை எடுத்து, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, வண்டு இருக்கும் ஊர்களோடு வைத்துப் பல நாள் பார்த்தார். எங்கள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்தார். சோறு ஆறிப்போகும். நான் போய்க் கத்துவேன்.

முடிவு எழுதிக் கொடுத்த அன்று அக்கா, கொழுந்துக்காரிகள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் நின்றேன்.

"தம்பி, அந்தப் பூச்சி இங்க வந்து ஒண்ணும் செஞ்சிராதே?"

"குளிரு தாங்காதுக்கா. வந்தாலும் செத்துப்போகும். தங்காது."

"நெசமாவா?"

"கணக்குப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அக்கா தலையில் இருந்த கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு, "எந்தம்பி சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினாள். அன்று சாயங்காலம் கீழ்க்கணக்கில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். இவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

கன்றுகள் வந்தன. புதுக் கன்று நடுவதும் களையெடுப்பதும் என்று கீழ்க்கணக்கில் எல்லோருக்கும் வேலை இருந்தது. அக்கா தன் மகளுக்குக் கல்யாணம் முடித்தாள். மாப்பிள்ளையும் அதே லயத்துக்கு வந்து சேர்ந்தான். அந்த வருஷங்களில் தங்குமா ஐயா சந்தோஷமாக இருந்தார் என்று நினைக்கிறேன். மப்ளரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு பள்ளம் இறங்குவார்.

செடிகளைக் கட்டையாக வெட்டிவிடும் அடுத்த கவ்வாத்து முடிந்து செடிகள் தழைத்த சமயம், கீழ்க்கணக்கு கங்காணி அக்காவை ஏசுவதை நான் இரண்டொரு தடவை கேட்டேன். "என்னா பறிக்கிற, எருமை நொழஞ்ச மாதிரி கெளையெல்லாம் முறிச்சுப் போட்டு வச்சிருக்க?" என்று. அக்கா வாயே திறக்கவில்லை. அவள் கை பட்டு ஓர் இலை கிழியாது. அவ்வளவு சுத்தமான கொழுந்துக்காரி ஏன் இப்படி ஏச்சு வாங்குகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் மகளுக்கு வலி கண்டபோது நான் விடியற்காலையிலேயே அங்கே போய்விட்டேன். பெண் குழந்தை. மதியத்துக்குள் நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியை மண்சட்டியில் போட்டு மூடி வைத்தேன். அக்கா, "வளைவுல பொதைக்கலாம் நர்சம்மா. எங்க எல்லாருதும் அங்கதான் கெடக்கு. எனக்கு, தம்பிக்கு, இவளுக்கு" என்றாள். மருமகன் மண்வெட்டியோடு முன்னால் போக நானே சட்டியைக் கொண்டுபோனேன். பாறைக்கு ஓரமாக, வெயில் விழுகிற இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டுத் திரும்பினோம்.

அன்று அவர் வருகிற நாளும்கூட. குழந்தை பிறந்த செய்தி கேட்டு நேரே லயத்துக்கு வந்துவிட்டார். குழந்தையைக் கையில் வாங்கி, நெற்றியில் தன் கன்னத்தை வைத்து, "சூடு சரியா இருக்கு" என்றார். சிரித்தோம். "அக்கா, பேத்தி எடுத்துட்ட. இனிமே நீ இந்த ஊர்ல தங்கியாச்சு, எங்க ஆபீசுலயே எழுதலாம்" என்றார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய்க் கருப்பட்டி எடுத்து அவர் வாயில் போட்டாள்.

எனக்குக் கை கழுவ வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தணிந்த நெருப்பைத் தள்ளிவிட மிலாற்றுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினார். மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. எல்லா வீட்டிலும் எரிப்பது அதைத்தான். உருவியவர் அடுப்பில் வைக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் ஓர் இடத்தைத் தடவினார். வாயில் இருந்த கருப்பட்டியை மென்று விழுங்கக்கூட இல்லை.

"அக்கா, இது எந்த மலைக் குச்சி?"

"அது பழைய குச்சிப்பா. எப்பவோ கொண்டாந்தது."

முழங்காலில் வைத்து முறித்தார். பச்சை ஈரம். நடுவில் கறுத்த வளையம். அவர் உள்ளங்கையில் தட்ட, இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் விழுந்து நகர்ந்தன.

அக்கா அழுதுவிட்டாள். போன மழைக்கு முன்னாலேயே அவள் கண்டுவிட்டாள். இடுப்பு பட்டு ஒரு கிளை முறிந்தது, பார்த்தால் ஓட்டை. தம்பி சொன்னது பொய்த்துப் போனால் அவன் வேலைக்கு என்ன ஆகும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. முறிந்த கிளைகளை எல்லாம் பொறுக்கி, மிலாற்றோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்திருக்கிறாள். கங்காணியின் ஏச்சை வாங்கிக்கொண்டு, கை கெட்ட கொழுந்துக்காரி என்று பேர் எடுத்துக்கொண்டு, ஒருத்தியாக அந்தப் பூச்சியை அடுப்பில் போட்டு ஒழித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"சொல்லாம இருந்துருடா தம்பி. நான் எல்லாக் குச்சியையும் எரிச்சிர்றேன்."

"எரிச்சு முடியாதுக்கா."

"ஒனக்குக் கெட்ட பேரு வரும்டா."

"எனக்கு வந்தா வரட்டும். சொல்லாட்டி இது மேல்கணக்குக்குப் போகும், பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்."

"சொன்னா இந்தக் கணக்க மூடிருவாங்க. நாங்க எங்கடா போறது? பச்ச ஒடம்புக்காரிய வச்சிக்கிட்டு?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். வளைவில் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டரை நூலில் கட்டி, குடை நிழலில் தொங்கவிட்டிருந்தார். சுற்றிலும் கம்பளிகளும் பிள்ளைத்துணியும் காய்ந்துகொண்டிருந்தன. அவர் நெற்றியில் வியர்வை.

"எத்தன மலைக்கு இதக் கொண்டுபோயிருக்கேன் நர்சம்மா" என்றார். "இங்க கொண்டாந்ததே இல்ல. பங்களாப் பொட்டி இருக்குன்னு விட்டுட்டேன். பொட்டி காத்துல நிக்கிது. இது அடுப்பங்கரை மாதிரி இருக்கு. சின்னப் புள்ளையில நான் குளிர் காஞ்ச எடம் இது. நல்லாத் தெரிஞ்ச எடந்தானேன்னு இருந்துட்டேன். தெரிஞ்ச எடத்த யாரு அளப்பாங்க?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டேன்.

அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் கணிப்பு தவறு, பூச்சி வந்திருக்கிறது, பெருகியிருக்கிறது என்று தன் கையாலேயே. ஆபீசில் அவரை ஒன்றும் செய்யவில்லை. குனிந்து போனவரை மேலும் குனிய வைக்க அவர்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. தோட்டம் கீழ்க்கணக்கைக் கைவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில், தோட்டத்துச் சனம் மனுப்போட்டுத்தான் இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை கிடைத்த குடும்பங்களுக்கு மேல்கணக்கில் இடம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இடம் இல்லை.

அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. படித்த பள்ளிக்கூடமும் வேலை பார்க்கும் ஆபீசும் அவருக்குச் சாட்சி சொல்லின. அக்காவின் மனு தள்ளுபடியாகியிருந்தது. தொடர்ந்து இந்த நாட்டில் இருக்கவில்லை, நடுவில் இந்தியா போய்ச் சில மாதம் இருந்திருக்கிறாய் என்பது காரணம். தம்பி தேறியதற்குக் கிடா வெட்டப் போன அந்தப் பயணம்தான். மகளுடைய மனுவும் அவளுடையதோடு சேர்ந்து போயிற்று.

அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அவள் பிறந்தது இங்கே, மகள் பிறந்தது இங்கே, பேத்தி பிறந்தது இங்கே, பிரசவம் பார்த்த நர்சம்மா இருக்கிறாள் என்று என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். நான் நீட்டி முழக்கிச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் தெரிந்தவர். நல்ல மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு, "விளங்குது அம்மா. ஆனா அதெல்லாம் கணக்கில வராது" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் தங்குமா ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஒரு வண்டுக்கு இதுக்கு மேல நாங்க எதுவும் கேக்கறதில்ல நர்சம்மா" என்றார்.

அவர் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டாள். மருமகன் ஏற்கெனவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டான். மகளையும் பேத்தியையும் தனியே விட்டுவிட்டு அவள் எங்கே இருப்பாள்?

நானுஓயா ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மிஸ்ட் இறங்கியிருந்தது. தகரப்பெட்டி, மூட்டை, அம்மிக்குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் அக்கா ஏன் எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குழந்தை கம்பளித் தொப்பிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ரயில் வந்து நின்றது. அக்கா ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டித் தம்பியின் மப்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீதான் எல்லா ஊரு வெயிலும் தெரிஞ்சவன். நாங்க போற ஊரு எப்புடிடா? இந்தப் புள்ள குளிர்ல பொறந்தது. அங்க தங்குமா?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அவர்தான் எல்லோரையும் கேட்பார்.

"தங்கும்க்கா" என்றார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அக்கா முகம் தெளிந்தது. எந்தம்பி சொன்னாச் சரி என்று மகளிடம் திரும்பிச் சொன்னாள். ரயில் நகர்ந்தபோது மப்ளர் அவள் கையோடு போய்விட்டது. அவர் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, தானாக உருவிக்கொண்டு போயிற்று.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன், அந்த ஊர்க் கணக்கை நீங்கள் பார்த்தீர்களா என்று. பார்த்தேன் என்றார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். புதுக் கன்று, புதுக் கோழி, எதைக் காட்டினாலும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். சனங்களுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டன, தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று ரேடியோவில் வந்த சமயம், ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கு நின்றவர்கள் அவரைக் கண்டதும், "ஐயா, நாங்க தங்குவோமா?" என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அக்காவிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பார்.

கடைசியாக அவரைப் பார்த்தது கீழ்க்கணக்கில்தான். வண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஆபீசில் அனுப்பியிருந்தார்கள். துணைக்கு வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். லயத்தில் கூரைத்தகரம் இல்லை. சுவர் மட்டும் நின்றது. அக்கா வீட்டு அடுப்பில் புல் முளைத்திருந்தது. வளைவுக்கு இறங்கினோம். வெட்ட ஆள் இல்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து தலைக்கு மேலே நின்றது. ஆனால் வெயில் அதே வெயில். இறங்கியதும் நான் சேலைத் தலைப்பைத் தளர்த்திக்கொண்டேன். கம்பளியோ பிள்ளைத்துணியோ ஒன்றும் காயவில்லை.

அவர் ஒரு கிளையை முறித்து, பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்து என்னிடம் நீட்டினார். கறுத்த வளையத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், பழுப்பு நிறத்தில் இளசுகள், கறுப்பாகப் பெரியவை. ஒரு குடும்பமே இருந்தது.

"பாருங்க நர்சம்மா" என்றார். "பேரன் பேத்தி எல்லாம் எடுத்திருச்சு. இனி இதுக்கு இதுதான் ஊரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பிளந்த குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மேட்டில் ஏறினார். நான் பாறை ஓரமாக, நஞ்சுக்கொடி புதைத்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.